பிள்ளை சொல்ல வந்ததைக் கேட்டோமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்தது. உள்கடன் யாருக்கு என்று பேசி முடித்தார்கள். ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தை மூடப் போகும்போது ஒரு உறுப்பினர், "நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் அழுதுவிட்டார். அவர் சம்மதத்தோடு, பேரும் ஊரும் இல்லாமல், அதை இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண் ஐந்தாம் வகுப்பு, பையன் மூன்றாம் வகுப்பு. பையன் தினமும் சாயங்காலம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய் பால் வாங்கி வருவான். திடீரென்று ஒரு நாள் போகமாட்டேன் என்றான். சோம்பேறித்தனம் என்று அம்மா திட்டினார். மறுநாளும் மாட்டேன் என்றான். கரண்டியால் ஒன்று வைத்தார். "அம்மா, அந்தத் தாத்தா சரியில்லம்மா" என்று பையன் சொல்லியிருக்கிறான். "பெரியவங்கள அப்படிச் சொல்லலாமா? வாய் நீளுது உனக்கு" என்று இன்னொன்று விழுந்தது. பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போனான், வந்தான். ராத்திரி பாயை நனைத்தான். அதற்கும் திட்டு வாங்கினான்.

ஒரு நாள் பெரிய பெண் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் கற்றுக்கொண்டு வந்தாள். ஐந்து விரலுக்கு ஐந்து பேர். "எனக்கு ஏதாவது கஷ்டம்னா நான் இவங்ககிட்ட சொல்லுவேன்" என்று ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பேர் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து தம்பியை உட்கார வைத்து அந்த விளையாட்டை விளையாடினாள். தம்பி, "அக்கா, நீ" என்று ஒரு விரலை மடக்கினான். அடுத்த விரலுக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. "அம்மா?" என்று அக்கா கேட்டாள். "அம்மா அடிக்கும்" என்றான் பையன். அதன்பிறகு அக்காவிடம்தான் எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தச் சகோதரி கூட்டத்தில் சொன்ன வார்த்தை இதுதான்: "எம்புள்ள எங்கிட்ட சொன்னான். நாந்தான் கேக்கல."

இது அவர் ஒருவர் கதை என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைக்குச் சோறு போடுகிறோம், படிக்க அனுப்புகிறோம், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் அது சொல்ல வரும்போது நாம் என்ன செய்கிறோம்? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

இது என்ன பாடம்?

கணக்கு, தமிழ், இங்கிலீஷ் மாதிரி இதற்குத் தனிப் புத்தகம் வேண்டும் என்று இல்லை. தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது, மற்றவர்களோடு எப்படிப் பழகுவது, உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் பாடம். தனிமனித, சமூக, உடல்நலக் கல்வி என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், "பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியணும், நாலு பேரோட இருக்கத் தெரியணும், உடம்பைப் பார்த்துக்கத் தெரியணும்." அவ்வளவுதான்.

இதை டீச்சர் மட்டும் சொல்லிக் கொடுக்க முடியாது. பள்ளியில் கை கழுவச் சொல்லி, வீட்டில் சோப்பு இல்லை என்றால் அந்தப் பாடம் நிற்காது. பள்ளியில் "பயப்படாம சொல்லு" என்று சொல்லி, வீட்டில் "வாயை மூடு" என்றாலும் நிற்காது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்போம். ஐந்தில் பேச விடாத பிள்ளை பதினைந்தில் நம்மிடம் பேசுமா என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் பாடம்: உடம்பு சுத்தம்

சுலபமானதில் இருந்து தொடங்குவோம். "கையைக் கழுவு" என்று நூறு தடவை சொல்லியிருப்போம். ஏன் என்று ஒரு தடவை காட்டினால் போதும். இப்படிச் செய்து பாருங்கள்.

கொஞ்சம் மஞ்சள்தூளை ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயில் குழைத்து பிள்ளையின் இரண்டு கையிலும் தடவி விடுங்கள். வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். மஞ்சள் போகாது. "வெறும் தண்ணில கழுவினா அழுக்கும் இப்படித்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்று சொல்லுங்கள். இப்போது சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பெரும்பகுதி போய்விடும். ஆனால் நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் கொஞ்சம் நிற்கும். "எங்க நிக்குது பாரு" என்று பிள்ளையையே கண்டுபிடிக்க விடுங்கள். அடுத்த முறை அது தானாக விரலிடுக்கைத் தேய்க்கும். இருபது எண்ணும் வரைக்கும் தேய்க்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன்னும் கக்கூஸ் போய் வந்த பின்னும் கட்டாயம்.

குடற்புழு மாத்திரை நமக்குத் தெரியும். 2015-ல் இருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். பிள்ளை அதை மென்று சாப்பிட வேண்டும். "எம்புள்ளைக்குப் பூச்சி இல்ல" என்று சிலர் வேண்டாம் என்கிறோம். பூச்சி இருப்பது வெளியில் தெரியாது. வெளியில் மலம் கழித்த மண்ணில் புழுவின் முட்டை இருக்கும். கையில் ஒட்டி வாய்க்குப் போகும். கொக்கிப்புழுவோ வெறும் கால் வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை சோர்ந்து போகிறது, படிப்பில் கவனம் இல்லை என்றால் உடனே திட்டாமல், ரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். மாத்திரையோடு செருப்பும், கழிப்பறையும், சோப்பும் சேர்ந்தால்தான் பூச்சி திரும்ப வராது.

இங்கேயும் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பொம்பளப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டு போன தண்ணீரை அப்படியே திரும்பக் கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். "ஏன் தண்ணி குடிக்கல?" என்று திட்டுவோம். காரணம் கேட்டுப் பாருங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்லும். அல்லது தண்ணீர் வரவில்லை என்று சொல்லும். ஒன்றுக்குப் போகக் கூடாது என்பதற்காகவே அது தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது. அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பும் நீர்த்தாரைப் புண்ணும் வரும். ஒரு தாழ்ப்பாள் பிரச்சினையை நாம் மருந்துக்கடையில் காசு கொடுத்துத் தீர்க்கப் பார்க்கிறோம்.

நான்காவது, ஐந்தாவது படிக்கும் பெண் பிள்ளை உள்ள அம்மாக்களுக்கு ஒன்று. சில பிள்ளைகள் ஒன்பது, பத்து வயதிலேயே பெரிய மனுஷி ஆகிவிடுகிறார்கள். நமக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. ரத்தத்தைப் பார்த்து "எனக்கு ஏதோ ஆயிடுச்சு, செத்துப் போகப் போறேன்" என்று பயந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வருவதற்கு முன்பே சொல்லுங்கள். "உடம்பு வளருது, மாசம் மாசம் இப்படி வரும், இது நோய் இல்ல, தீட்டும் இல்ல. வந்தா வெட்கப்படாம அம்மாகிட்டயோ டீச்சர்கிட்டயோ சொல்லு." இவ்வளவு போதும். நாப்கினை எப்படி வைப்பது என்று ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இரண்டாம் பாடம்: மனசில் இருப்பதைச் சொல்லுவது

காய்ச்சல் என்றால் பிள்ளை "உடம்பு சுடுது" என்று சொல்லும். மனசு சரியில்லை என்றால் என்ன சொல்லும்? அதற்கு வார்த்தை தெரியாது. அதனால் "வயிறு வலிக்குது", "பள்ளிக்கூடம் போகல" என்று சொல்லும். அடம் பிடிக்கும். தம்பி தங்கச்சியை அடிக்கும். பாயை நனைக்கும். நாம் நடிப்பு என்கிறோம். எல்லாமே நடிப்பு இல்லை.

வார்த்தையை நாம்தான் கொடுக்க வேண்டும். பயம், கோபம், வருத்தம், வெட்கம், பொறாமை, சந்தோஷம். இந்த ஆறு போதும். ராத்திரி சாப்பிடும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒவ்வொருத்தரும், "இன்னைக்கு எனக்குச் சந்தோஷமா இருந்தது எது, வருத்தமா இருந்தது எது" என்று ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நாம் சொல்ல வேண்டும். "இன்னைக்கு வேலைக்குப் போன இடத்துல ஒருத்தங்க கத்தினாங்க, எனக்கு அழுகையா வந்துச்சு" என்று அம்மா சொன்னால், பிள்ளைக்கும் சொல்லத் துணிச்சல் வரும். அப்பாவும் சொல்ல வேண்டும்.

பையன்களிடம் "ஆம்பளப்புள்ள அழலாமா?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். அழக் கூடாது என்று வளர்ந்த பையன், பெரியவன் ஆனதும் கஷ்டம் வந்தால் என்ன செய்கிறான்? டாஸ்மாக் போகிறான், இல்லை என்றால் பெண்டாட்டியை அடிக்கிறான். இது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

மூன்றாம் பாடம்: எல்லோரோடும் சேர்ந்து இருப்பது

பிள்ளை பள்ளிக்கூடம் போன கொஞ்ச நாளிலேயே ஒரு புதுப் பட்டப்பேரோடு வரும். கறுப்பி, குண்டு, நொண்டி என்று ஒருத்தரை ஒருத்தர் சொல்லிக்கொள்ளும். சாதியைச் சொல்லிக் கேலி செய்வதும் நடக்கிறது. இதையெல்லாம் அது எங்கே கற்றுக்கொண்டது? நம் திண்ணையில்தான்.

சத்துணவில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளையிடம், "யார் பக்கத்துல உக்காந்த?" என்று வீட்டில் விசாரிக்கிறோம். அந்த ஒரு கேள்வியில் பள்ளி சொல்லிக் கொடுத்ததை அழித்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக "இன்னைக்கு யாருக்கு உதவி பண்ணின?", "உன்னை யாராவது கேலி பண்ணினாங்களா?", "நீ யாரையாவது பண்ணினியா?" என்று கேட்கலாம். மூன்றாவது கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள். நம் பிள்ளையும் தப்பு செய்யும்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் ஒரு பாடம்தான். பெண் பிள்ளை பாத்திரம் கழுவும்போது பையன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தால், அவன் கற்றுக்கொள்வது ஒன்று, அவள் கற்றுக்கொள்வது ஒன்று. தட்டைக் கழுவி வைப்பது, படுக்கையை மடிப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் இரண்டு பேருக்கும் பொது என்று வைத்துவிடுங்கள்.

நான்காம் பாடம்: என் உடம்பு என்னுடையது

இதுதான் நாம் பேசவே கூச்சப்படும் பாடம். ஆனால் இதைப் பேசாததுதான் அந்தப் பையனுக்கு ஆபத்தாக முடிந்தது. ஐந்து வயதிலேயே தொடங்கலாம். குளிப்பாட்டும் நேரம் நல்ல நேரம்.

1. பேர் சொல்லிக் கொடுங்கள். கண், காது, மூக்கு மாதிரி மறைவான உறுப்புக்கும் பேர் உண்டு. வீட்டில் என்ன பேர் வைத்திருக்கிறீர்களோ அதைச் சிரிக்காமல் சொல்லுங்கள். பேர் தெரியாத இடத்தில் நடந்ததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

2. மறைக்க வேண்டிய இடம் எது என்று சொல்லுங்கள். ஜட்டி மூடும் இடமும், மார்பும், வாயும் உன்னுடையது. அதை யாரும் தொடக் கூடாது. மற்றவர்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. போட்டோ எடுக்கவும் கூடாது. செல்போனில் அப்படிப்பட்ட படம் காட்டவும் கூடாது. அம்மா குளிப்பாட்டும்போதும், அம்மா கூட இருக்கும்போது டாக்டர் பார்ப்பதும் வேறு.

3. "வேண்டாம்" சொல்லப் பழக்குங்கள். சொந்தக்காரர் வந்ததும் "மாமாவுக்கு முத்தம் குடு, மடியில உக்காரு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். பிள்ளை மாட்டேன் என்றால், "வணக்கம் சொல்லு போதும்" என்று விடுங்கள். மரியாதை வேறு, உடம்பைக் கொடுப்பது வேறு. வீட்டில் வேண்டாம் சொல்லப் பழகாத பிள்ளை வெளியில் எப்படிச் சொல்லும்?

4. ரகசியம் வேறு, ஆச்சரியம் வேறு. "அப்பா பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கியிருக்கோம், சொல்லிடாத" என்பது ஆச்சரியம். அது ரெண்டு நாளில் தெரிந்துவிடும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். "இதை அம்மாகிட்ட சொன்னா அடி விழும்" என்று ஒருத்தர் சொன்னால் அது கெட்ட ரகசியம். கெட்ட ரகசியத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

5. மூன்று வார்த்தை. வேணாம்னு சொல்லு. அங்கிருந்து ஓடு. வந்து சொல்லு. இதோடு இன்னொன்றும் கட்டாயம் சொல்லுங்கள்: "கத்த முடியலன்னாலும், ஓட முடியலன்னாலும் தப்பு உன் மேல இல்ல. எப்ப வேணாலும் வந்து சொல்லலாம்."

6. ஐந்து விரல் விளையாட்டு. மேலே சொன்னதுதான். பிள்ளையின் கையைத் தாளில் வைத்து வரைந்து, விரலுக்கு ஒரு பேர் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. ஒரு டீச்சர், ஒரு அங்கன்வாடி அக்கா, ஒரு பெரியம்மா என்று இருக்கட்டும். உங்கள் பேர் இல்லை என்றால் கோபப்படாதீர்கள். ஏன் இல்லை என்று யோசியுங்கள்.

"தெரியாத ஆள் மிட்டாய் குடுத்தா வாங்காத" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் செய்தவர் பிள்ளைக்குத் தெரிந்தவர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், பழகியவர். அதனால் ஆளைச் சொல்லிப் பயமுறுத்தாமல் செயலைச் சொல்லிக் கொடுங்கள். யார் செய்தாலும் தப்பு தப்புதான். பெண் பிள்ளைக்கு மட்டும் இல்லை, ஆண் பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள்.

நாம் கேட்கும் கேள்விகள்

"சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? சொல்லிக் கொடுத்தா கெட்டுப் போகாதா?"

நெருப்பு சுடும் என்று சொல்லிக் கொடுத்ததால் எந்தப் பிள்ளையும் நெருப்பில் கை வைப்பது இல்லை. வயதுக்குத் தகுந்த மாதிரி சொல்கிறோம், அவ்வளவுதான். நாம் சொல்லவில்லை என்றால் செல்போன் சொல்லும்.

"பெரியவங்களுக்கு மரியாதை இல்லாம போயிடுமே?"

வணக்கம் சொல்லட்டும், வழி விடட்டும், முடியாதவர்களுக்குக் கை கொடுக்கட்டும். மரியாதை என்றால் அதுதான். பெரியவர் சொன்னார் என்பதற்காகத் தப்பான காரியத்துக்கும் தலையாட்டுவதற்குப் பேர் மரியாதை இல்லை.

"பேச நேரம் எங்க இருக்கு? நூறு நாள் வேலை, மாடு, சமையல்..."

தனியாக நேரம் வேண்டாம். குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது, படுக்கும்போது ஐந்து நிமிஷம். பிள்ளை பேசும்போது செல்போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள்.

பிள்ளை வந்து சொல்லிவிட்டால்?

நமக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

• அமைதியாகக் கேளுங்கள். "நான் உன்னை நம்புறேன். சொன்னது நல்லது. தப்பு உன் மேல இல்ல." முதலில் சொல்ல வேண்டிய மூன்று வார்த்தை இவை.

• "நீ ஏன் அங்க போன?", "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தெருவில் நாலு பேரைக் கூட்டாதீர்கள்.

• அந்த ஆளிடம் போய்ச் சண்டை போடுவது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது, காசு வாங்குவது எதுவும் வேண்டாம். நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கும் அதே நடக்கும்.

• 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண். காசு கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம். பக்கத்தில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. போக்சோ என்று சொல்கிறோமே, அந்தச் சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் பொது. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று இல்லை. பிள்ளை இருக்கும் வீட்டிலேயே, கூடுமானவரை பெண் அதிகாரி, யூனிபார்ம் இல்லாமல் வந்து விசாரிக்க வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ, பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். பிள்ளையின் பேரையோ முகவரியையோ பத்திரிகையில் போடக் கூடாது. அதனால் "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்" என்று பயப்பட வேண்டாம். நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதுதான் சட்டப்படி குற்றம். இது பள்ளிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடம் நமக்கு அந்நியமான இடம் இல்லை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, கிராமங்களில் சமைக்கும் பொறுப்பை சுய உதவிக் குழுப் பெண்களிடம்தான் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கரண்டி பிடித்தவர்களுக்குத் தெரியும், எந்தப் பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது, எது நேற்றைக்கும் இன்றைக்கும் முகம் வாடி இருக்கிறது என்று. "என்னடா கண்ணு, ஏன் சாப்பிடல?" என்று கேட்கும் அந்த ஒரு வார்த்தையும் கல்விதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு இல்லை அந்த இடம். அடுத்த கூட்டத்தில் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

1. கழிப்பறையில் தாழ்ப்பாள், தண்ணீர் இருக்கிறதா? பெண் பிள்ளைக்குத் தனியாக இருக்கிறதா?

2. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா?

3. பாதுகாப்பு பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்களா? 1098 எண் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா?

4. பிள்ளை புகார் சொல்ல வேண்டும் என்றால் யாரிடம் சொல்லும்?

சோப்பு இல்லை என்றால் குழு சேமிப்பில் இருந்து வாங்கிக் கொடுப்பது பெரிய செலவு இல்லை. தாழ்ப்பாள் இல்லை என்றால் ஊராட்சியில் மனு கொடுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக

அந்தச் சகோதரி 1098-க்குப் பேசினார். புகார் கொடுத்தார். தெருவில் சிலர், "ஆம்பளப்புள்ளைக்கு என்ன ஆயிடப் போகுது, ஏன் பெருசாக்குற?" என்று கேட்டார்களாம். குழுவில் இருந்து நாலு பேர் கூடப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பையனை ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இப்போது பாய் நனைவது இல்லை.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது நான் அவரிடம், "இப்ப பையன் பேசுறானா?" என்று கேட்டேன். "பேசுறான். ராத்திரி படுக்கும்போது நான் சும்மா பக்கத்துல படுத்துக்குவேன். ஒண்ணும் கேக்கமாட்டேன். அவனா ஏதாவது சொல்லுவான். சிலநாள் மாடு கன்னு போட்ட கதை சொல்லுவான், சிலநாள் வேற ஏதாவது. எல்லாத்தையும் கேட்டுக்குவேன்" என்றார். பிறகு, "போன வாரம் அவனா வந்து கையைக் காட்டினான். கட்டைவிரல்ல என் பேர் எழுதியிருந்தான்" என்றார்.

சகோதரிகளே, இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து விரலை எண்ணச் சொல்லுங்கள். நம் பேர் எந்த விரலில் வருகிறது என்று பார்ப்போம்.

குழுவில் கலந்து பேச

1. நாம் சின்ன வயதில் சொல்ல நினைத்து, சொல்ல முடியாமல் போனது ஏதாவது உண்டா? யார் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்? (விருப்பம் உள்ளவர்கள் மட்டும் பேசலாம். குழுவில் பேசியது குழுவோடு இருக்கட்டும்.)

2. இந்த வாரம் பிள்ளை ஏதோ சொல்ல வந்து நாம் தடுத்த நேரம் எது?

3. நம் ஊர்ப் பள்ளிக் கழிப்பறையை யார் போய்ப் பார்த்து வருவது? எந்தத் தேதியில்?

4. மஞ்சள் விளையாட்டும் ஐந்து விரல் விளையாட்டும் எத்தனை வீட்டில் விளையாடினோம்? அடுத்த கூட்டத்தில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.